‘கிரொடெஸ்க்’: சொற்பிறப்பும் பொருள் மாற்றமும்

முன்னுரை

ஆங்கிலத் திறனாய்வில் பெரிதும் வழங்கும் கலைச்சொற்களுள் ‘கிரொடெஸ்க்’ என்பதும் ஒன்று. தமிழில் இதனைக் கோரம், விகாரம், அவலட்சணம் எனப் பெயர்ப்பதுண்டு. இச்சொற்கள் இன்றைய வழக்கில் அழகின்மையையே முதன்மையாகச் சுட்டுகின்றன. ஆயின், ‘கிரொடெஸ்க்’ பிறந்தபோது அது அழகின்மையைக் குறிக்கவில்லை. அழகூட்டும் ஓர் ஓவியப் பாணிக்கே பெயராக இருந்தது. அப்பொருள் மாறிய வரலாற்றையும், தமிழாக்கத்தில் கருதத்தக்கதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

சொற்பிறப்பு

கி.பி. 64இல் உரோம் நகரில் பெருந்தீ மூண்டது. அதன்பின் பேரரசன் நீரோ ‘பொன்மாளிகை’ எனப்பட்ட அரண்மனையை எழுப்பினான். 68இல் அவன் மாண்டபின், பின்வந்த அரசர்கள் அம்மாளிகையைத் தூர்த்தனர். அதன் ஒரு பகுதியின்மீது பேரரசன் திராயான் நீராட்டு மண்டபங்களைக் கட்டினான். மண்ணால் நிரப்பப்பட்ட அறைகள் 1480ஆம் ஆண்டளவில் மீண்டும் கண்டறியப்பட்டன. ஓவியர்கள் மேலிருந்த துளைகளின் வழியே இறங்கி, விளக்கொளியில் கூரை ஓவியங்களைக் கண்டு படியெடுத்தனர்.

அவ்வறைகள் குகைகள் போலவே தோன்றின. இத்தாலிய மொழியில் குகைக்குக் ‘குரோத்தா’ என்று பெயர். அது இலத்தீன் ‘கிரிப்தா’வின் வழிவந்தது, அதற்கு மூலமான கிரேக்கச் சொல் மறைத்தல் என்னும் பொருளுடையது. குரோத்தாவில் கண்ட ஓவியம் ‘குரோத்தெஸ்கா’ ஆயிற்று. எனவே இப்பெயர் உருவத்தின் தன்மையால் வந்ததன்று. கிடைத்த இடத்தால் வந்தது. அவ்விடமும் உண்மையில் குகையன்று, அரண்மனையே.

பாணியின் இயல்பு

இவ்வோவியங்களில் மெல்லிய கொடிகள் மண்டபங்களைத் தாங்குகின்றன. மலரிலிருந்து மனித உடல் பாதியளவு எழுகின்றது. விலங்கின் உடல் இலைச்சுருளாக முடிகின்றது. கலவாதன கலத்தலே இப்பாணியின் அடிப்படை. நீரோவுக்கு முன், கி.மு. முதல் நூற்றாண்டிலேயே, கட்டடக்கலை அறிஞர் விற்றுருவியசு இத்தகைய ஓவியங்களைக் கண்டித்துள்ளார். நாணற்தண்டு கூரையைத் தாங்காது. உலகில் இல்லாதவற்றை வரைதல் முறையன்று என்பது அவர் கருத்து. ஆகவே, பெயர் தோன்றுவதற்கு ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்பே அப்பாணி பற்றிய எதிர்ப்பு தோன்றிவிட்டது.

மறுமலர்ச்சிக் காலத்தவரோ இதனை விரும்பி ஏற்றனர். சியன்னா நகரின் பிக்கொலோமினி நூலகத்திற்காக ஓவியர் பிந்துரிக்கியோவுடன் 1502இல் செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே இச்சொல் இடம்பெற்றது. இரஃபேலும் அவர்தம் குழுவினரும் வத்திக்கான் தாழ்வாரங்களை இப்பாணியால் அணிசெய்தனர்.

பொருள் மாற்றம்

பதினாறாம் நூற்றாண்டில் இச்சொல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புகுந்தது. மொந்தேஞ் தம் கட்டுரைகளையே ஒழுங்கற்ற உறுப்புகள் இணைந்த இத்தகைய ஓவியங்களுக்கு ஒப்பிட்டார். இவ்வாறு ஓவியத்தின் பெயர் எழுத்துக்கும் உரியதாயிற்று. அளவொழுங்கைப் போற்றிய பிற்காலத்தவர் பார்வையில் கலப்பு குறையாகத் தோன்றியது. ‘இயற்கைக்கு மாறானது’ என்னும் பொருள் ‘நகைப்புக்கிடமானது’, ‘அருவருப்பானது’ என விரிந்தது.

1827இல் விக்டர் யூகோ, ‘குரோம்வெல்’ நாடக முன்னுரையில், இதனை உயர்வுச் சுவைக்கு இணையாக நிற்கும் கலைக்கூறாக நிறுவினார். இருபதாம் நூற்றாண்டில் இருவேறு விளக்கங்கள் எழுந்தன. பழகிய உலகம் திடீரென அந்நியமாதலின் அச்சத்தை வோல்ஃப்காங் கைசர் (1957) இதில் கண்டார். மக்கள் திருவிழாவின் சிரிப்பையும், உலகோடு கலந்து வளரும் உடலையும் மிகாயில் பக்தின் (1965) கண்டார். ஒருவர் அச்சத்தையும் மற்றவர் நகையையும் முதன்மைப்படுத்தினும், இரண்டும் ஒன்றில் உறைதலே இச்சொல்லின் உயிர்.

தமிழாக்கச் சிக்கல்

தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் நகை, இளிவரல், மருட்கை, அச்சம் ஆகிய நான்கும் ‘கிரொடெஸ்க்’ என்பதோடு தொடர்புடையன. ‘கோரம்’ என்னும் சொல் அச்சத்தையும் இளிவரலையும் தரும், நகையைத் தராது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அட்டு உண்ணும் பகுதியைக் ‘கோரம்’ என்று மட்டும் கூறின், அங்குள்ள நகைச்சுவை மறைந்துவிடும்.

‘விகாரம்’ என்பதன் முதற்பொருள் மாற்றம். புணர்ச்சியில் நிகழும் மாற்றங்களை நன்னூல் அச்சொல்லாலேயே குறிக்கின்றது. அவ்வகையில் அது மூலப்பொருளுக்குச் சற்று நெருக்கமானது. எனினும் இன்றைய வழக்கில் உருக்கேட்டையே உணர்த்துகின்றது.

முடிவுரை

ஓவியப் பாணியைக் கூறுமிடத்து ‘விந்தைக் கலப்புரு’ என்றும், இலக்கியச் சுவையைக் கூறுமிடத்து ‘விந்தைக்கோரம்’ என்றும் இச்சொல்லைப் பெயர்க்கலாம். வெறும் அருவருப்பைச் சுட்டும் பேச்சுவழக்கிற்கு மட்டுமே ‘அவலட்சணம்’ பொருந்தும். மூலநூலில் எப்பொருள் பயில்கின்றது என ஆராயாது ஒரே சொல்லை எங்கும் இடின், ஆசிரியர் வியந்து போற்றியதும் தமிழில் இகழ்ச்சியாக மாறிவிடும்.