இரு சூரியோதயப் பறப்பு

தூரத்தை வேகத்தால் வகுத்தாற் பிரயாண நேரம் கிடைக்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஆகாய மார்க்கத்தில் அது எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் தென்னிலங்கையின் கொக்கலை வாவிக்குமிடையே 1943 முதல் 1945 வரை நடைபெற்ற விமான சேவை நன்கு விளக்கும்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, அவுஸ்திரேலியாவை இங்கிலாந்துடன் இணைத்த ஆகாய மார்க்கம் அறுந்தது. இந்து சமுத்திரத்தை இடையில் எங்கும் தங்காது கடக்கவேண்டியதாயிற்று. குவான்டாஸ் நிறுவனத்தார், நீரிலிருந்தெழுந்து நீரிலே இறங்கும் கற்றலீனா விமானங்களை 1943 ஜூன் இறுதியில் இப்பணியில் ஈடுபடுத்தினர்.

பூகோளத்தின்மீது அளக்கப்படும் மிகக் குறுகிய பாதையில் இத்தூரம் 3,513 மைல். ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இக்காலத் தாரை விமானம் ஆறரை மணியளவிற் கடந்துவிடும். மணிக்கு 125 மைல் செல்லும் கற்றலீனாவுக்கு 28 மணி வேண்டும். மணிக்கு 15 மைல் வேகமுள்ள எதிர்க்காற்று வீசுமாயின் அது 32 மணியாகும். உண்மையில் மிக நீண்ட பறப்பு 32 மணி 9 நிமிடம் நீடித்தது. மீளும்போது அக்காற்றே பின்னின்று உந்துமாதலின் நட்டம் ஈடாகிவிடும் என மாணவர் கருதுவர். அஃது ஈடாவதில்லை. செல்ல 32 மணி, மீள 25 மணி. ஆக 57 மணி. காற்றில்லாத நாளிலோ 56 மணிக்குச் சற்றே கூடுதலாகும். எதிர்க்காற்றுக்குள் விமானம் நெடுநேரமும், துணைக்காற்றுக்குள் குறுகிய நேரமுமே நிற்பதே இதற்குக் காரணம்.

நேரம் நீளநீள எரிநெய்யும் மிகும். ஏறத்தாழ 2,000 கலன், அதாவது 14,000 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையுள்ள பெற்றோலைச் சுமந்த விமானம், மூன்று பிரயாணிகளையும் 150 இறாத்தல் அளவான தபாலையுமே ஏற்ற முடிந்தது. அத்தபாலின் பெறுமதியை நிறையால் மதிப்பிடலாகாது.

புறப்படும் வேளையை நிர்ணயித்தது கடிகாரமன்று, பகைவர் அச்சமே. யப்பானிய விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருளிற் கடக்கவேண்டும்; கம்பியில்லாத் தந்தியும் மௌனமாயிருக்கவேண்டும். வழிகாட்டியவை நட்சத்திரங்கள். விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே இடப்பட்டன. அவற்றுள் ஸ்பைக்கா நமது சித்திரை, அன்ராரிஸ் கேட்டை.

ஒரு நாளிலும் நீண்ட பறப்பாதலின், பிரயாணிகள் ஆகாயத்தில் இருமுறை சூரியோதயங் கண்டனர். ஈண்டும் ஒரு நுட்பமுண்டு. இரு இடங்களுக்குமிடையே நெட்டாங்கு வேறுபாடு ஏறக்குறைய 35½ பாகை. பாகையொன்றுக்கு 4 நிமிடமாக, 2 மணி 22 நிமிடமாகும். பருவத்தால் வரும் வேறுபாட்டை விடுத்தால், மேற்கே கொக்கலைக்கு வருவோருக்கு இரண்டாம் உதயம் அவ்வளவு பிந்தும். கிழக்கே பேர்த்துக்கு மீள்வோருக்கு அவ்வளவு முந்தும்.

1944 இல் லிபரேட்டர் விமானங்கள், பேர்த்துக்கு வடக்கேயுள்ள லியர்மந்திலிருந்து 17 மணியளவில் இலங்கையை அடைந்தன. கற்றலீனாக்கள் 271 முறை சமுத்திரத்தைக் கடந்து, 1945 ஜூலையிற் சேவையை முடித்தன. யுத்தத்தின்பின் அவை அவுஸ்திரேலியக் கடலில் அமிழ்த்தப்பட்டன.