பிடித்தால் விடாத ‘அண்ணன்’

பொங்கல் வந்தால் பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் சடுகுடு ஆட்டம் களைகட்டும். பாடிப் போகிறவருக்குத்தான் கைதட்டல். பிடிக்கிறவரை யார் கவனிக்கிறார்கள்?

பிடித்தே பெயர் வாங்கியவர் தர்மராஜ் சேரலாதன். அரியலூருக்குத் தெற்கே, கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சை மாவட்டம். அந்த மாவட்டத்துக்காரர்.

மூலைக் காவல்

கபடியில் ஒரு பக்கத்துக்கு 7 பேர். சேரலாதன் வலது மூலையில் நின்றவர். அவர் வேலை என்ன தெரியுமா? பாடி வருகிறவரின் காலை மடக்கிப் பிடிப்பது. பிடி நழுவி அவர் தப்பிவிட்டால் எதிரிக்குப் புள்ளி; பிடித்தவர் வெளியே போக வேண்டியதுதான்!

அமெரிக்கக் கால்பந்திலும் இப்படி 5 பேர் உண்டு. பந்தை எறிகிறவரை எதிரிகள் நெருங்காமல் உடம்பால் தடுப்பார்கள். புகழெல்லாம் எறிகிறவருக்கே!

41 வயதில் உலகக் கோப்பை

சேரலாதன் 1975-ல் பிறந்தவர். மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் அவர் களத்தில் நின்றார். 2016-ல் பாட்னா அணியின் தலைவராகப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு ஆமதாபாத்தில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை 38–29 என்று தோற்கடித்தது. அந்த இந்திய அணியிலும் அவர் இருந்தார். இளைய வீரர்களுக்கு அவர் ‘அண்ணன்’.

அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊரிலும் ஆட்டம் நடக்கும். மூலையில் குனிந்து நிற்கும் பையனையும் பாருங்கள். அவனுக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள்!