படகுக்கு ஏது முகவரி?

உட்லண்ட்ஸ் கடல்முகப்புப் பூங்காவின் படகுத்துறையில் மாலையில் நின்றால் ஜோகூர் பாரு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். இடப்பக்கம் கடற்பாலம், அதன்மேல் வேலை முடிந்து வீடு திரும்புவோரின் வாகன வரிசை. நடுவில் கிடக்கும் நீரை நாம் எல்லை என்கிறோம். அதையே வீடென்று வாழ்ந்தவர்கள் ஒராங் சிலேத்தார் மக்கள்.

சிலேத்தார் விமான நிலையம், சிலேத்தார் நீர்த்தேக்கம் என்று நாம் தினமும் உச்சரிப்பது அவர்களின் பெயரைத்தான். ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819-இல் இந்தத் தீவில் இருந்த சுமார் ஆயிரம் பேரில் அவர்கள் இருநூறு பேர் என்பது கணக்கு. அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் 1847-இல் அவர்களைப் பற்றி எழுதினார். அவர் பார்த்த வீடு இருபது அடிப் படகு. ஒரு முனையில் அடுப்பு, நடுவில் சட்டிபானை, மறு முனையில் ஆறடிக் கீற்றுக் கூரை. அதற்குள் ஐந்தாறு பேர் உறங்குவார்கள். கூடவே ஒரு நாயும் பூனையும். சமையலறை, கூடம், படுக்கையறை என்ற நம் வீவக வீட்டின் வரிசைதான். சுவர் மட்டும் இல்லை.

அலையாத்திக் காட்டு நண்டும் சிப்பியும் மீனும் சாப்பாடு. பிடித்ததில் ஒரு பங்கைக் கொடுத்து அரிசி வாங்கிக்கொள்வார்கள். இன்று இக்கரை, நாளை அக்கரை. யாரும் கேள்வி கேட்டதில்லை.

முதல் கேள்வியைக் கல்லால் கேட்டது கடற்பாலம். 1923-இல் அதன்மேல் ரயில் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு அதிகாரபூர்வத் திறப்பு. சிறு படகுகள் கடந்துபோக ஒரு மதகு வழி விட்டிருந்தார்கள். 1942-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தபோது அதுவும் போயிற்று. பிறகு யாரும் அதைத் திருப்பிக் கட்டவில்லை. நீரிணை இரண்டு துண்டானது. 1965-க்குப் பிறகு அக்கரை அயல்நாடானது.

அடுத்து ஆற்றுமுகங்கள் அடைபட்டன. 1975-இல் கிராஞ்சி நீர்த்தேக்கம், 1986-இல் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கம். நம் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. உப்பும் ஓதமும் போன ஆற்றில் அவர்களின் நண்டுக்கு இடமில்லை. சிலர் ஜோகூருக்குப் போனார்கள். இங்கேயே தங்கியவர்கள் அடுக்குமாடி வீடேறி, ஆவணங்களில் மலாய்க்காரர் ஆனார்கள்.

அதே ஆண்டுகளில்தான் உட்லண்ட்ஸ் நகரம் எழுந்தது. 1970-களில் மார்சிலிங் பக்கம் முதல் வீடுகள், 1996-இல் பெருவிரைவு ரயில். 2023 டிசம்பரில் கதவு திறந்த உட்லண்ட்ஸ் ஹெல்த் வளாகம் முழுமையடையும்போது 1,400 படுக்கைகள் இருக்கும். பள்ளி, மருந்தகம், நூலகம் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில். கம்பத்தில் பிறந்து கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை வசதியும் தேடி வந்தது ஒரே இடத்தில் நிலையாக இருப்பவரின் கதவெண்ணை. மிதக்கும் வீட்டுக்குக் கதவெண் இல்லை.

அக்கரையில் அவர்கள் கரையேறி, ஒன்பது கிராமங்களாக வாழ்கிறார்கள். மலேசியச் சட்டம் அவர்களைப் பூர்வகுடிகள் என்கிறது. இஸ்கந்தர் வட்டார வளர்ச்சி வாசலுக்கு வந்தபோது சுங்கை தெமோன், பாக்கார் பத்து கிராமத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 2017-இல் ஜோகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களின் மரபுவழி நில உரிமையை ஏற்றது. நீரில் பிறந்தவர்கள் கடைசியில் நிலத்துக்காகத்தான் வாதாட வேண்டியிருந்தது.

அன்று அவர்களைப் பற்றி எழுதிய தாம்சனின் பெயர் இன்று ஒரு ரயில் பாதையில் இருக்கிறது. தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் வடகோடி உட்லண்ட்ஸ் நார்த், இதே கரையோரம். அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் நீரிணையைக் கடக்கும் ஆர்டிஎஸ் ரயிலை 2026 இறுதியில் ஓட்டத் திட்டம்.

அதுவரை வார இறுதியில் கடப்பிதழோடு வரிசையில் நின்றுதான் போகிறோம். போனவர்களில் சிலர் சுங்கை தெமோன் மிதவை உணவகத்தில் நண்டுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். அதைப் பிடித்தவரின் பாட்டனார் உட்லண்ட்ஸ் கரையிலும் படகைக் கட்டியிருக்கலாம்.