தட்டைப் பாதம்: இன்சோல் வாங்கும் முன்

என் மகனுக்கு ஏழு வயது. போன மாதம் ஷூ வாங்கப் போனபோது கடைக்காரர் அவன் காலைப் பார்த்துவிட்டு, "சார், பையனுக்கு ஃப்ளாட் ஃபுட். இன்சோல் போடலைன்னா பின்னாடி முதுகுவலி வரும்" என்றார். பயத்தில் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் படிக்க உட்கார்ந்தேன்!

கைக்குழந்தைகளின் பாதம் பார்க்கத் தட்டையாகத்தான் இருக்கும். உள்வளைவு பெரும்பாலும் பத்து வயதுக்குள் மெல்ல உருவாகிறது. ஆகவே தரையில் முழு ஈரத்தடம் விழுந்தாலே பதற வேண்டியதில்லை. நுனிக்காலில் எம்பி நிற்கும்போது வளைவு தெரிகிறதா என்று பாருங்கள். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு பட்டை ஓடுகிறது. எம்பும்போது விரல்கள் மடங்கி, அந்தப் பட்டையை இழுத்து வளைவைத் தூக்குகின்றன. கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுகிற மாதிரி. 1954-ல் ஹிக்ஸ் விளக்கிய விஷயம் இது.

மகனை எம்பி நிற்கச் சொன்னேன். வளைவு அழகாக வந்தது. வலியும் இல்லை.

அப்போ இன்சோல்? இப்படி வளைந்து கொடுக்கும் தட்டைப் பாதம் உள்ள குழந்தைகளை வெங்கர் குழுவினர் அமெரிக்காவில் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 1989-ல் வந்த முடிவு: சிறப்பு ஷூவோ இன்சோலோ போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

நம் நாட்டு ஆய்வு இன்னும் சுவாரசியம். ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2300 குழந்தைகளின் கால்தடங்களை எடுத்தார்கள் (1992). காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் நடந்தவர்களில் 2.8 சதவீதம்தான். முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அதிகம். காலணிதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது? வலி இருந்தால், பாதம் விறைப்பாக இருந்தால், எம்பினாலும் வளைவு வராவிட்டால். பெரியவர்களுக்கு ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையாகி, கணுக்காலின் உட்புறம் வலித்தால் தள்ளிப்போடாதீர்கள், தசைநாண் பழுதாகியிருக்கலாம். வலி இருப்பவர்களுக்கு இன்சோல் உதவலாம். அதை மருத்துவர் சொல்லட்டும்.

ஷூ வாங்கும்போது நான் பார்ப்பவை:

1. பின்பக்கத்தை அழுத்தினால் குழையக்கூடாது.
2. விரல்கள் மடங்கும் இடத்தில் வளையணும், நடுவில் மடங்கக்கூடாது.
3. ஈரத்துணி மாதிரி முறுக்க முடிந்தால் வேண்டாம்.
4. நின்றபடி பார்த்தால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும்.
5. சாயங்காலம் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

இன்சோல் அட்டைப்பெட்டியோடு அலமாரியில் கிடக்கிறது. பையன் சாயங்காலம் மொட்டைமாடியில் வெறுங்காலோடு ஓடுகிறான்.