மலையேறும் இரும்பு – 9: நிமிர்ந்த பானட்டும் டிராக்டர் எஞ்சினும்

சேஸின் துருவைச் சுரண்டி, விரிசல் விட்ட இடங்களில் தகடு வைத்து வெல்டிங் அடித்தது வரை சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று சொல்லியிருந்தேன். நடுவில் பானட் வந்து மறித்துக்கொண்டது; அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

கள்ளக்குறிச்சிப் பட்டறையில் நிற்கும் நம் ஜீப் மகிந்திரா சி.ஜே.-3பி. இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பின் படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் பானட் தாழ்ந்து படுத்திருக்கும். இது நெற்றியை நிமிர்த்தி நிற்கும். அழகுக்காகச் செய்ததல்ல. போர்க்கால ஜீப்பில் இருந்தது 'கோ டெவில்' எஞ்சின். 2,199 சிசி, 60 குதிரைத்திறன். வால்வுகள் முழுக்கச் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருந்ததால் மேலே ஹெட் வெறும் மூடிதான். எஞ்சின் குள்ளம். பின்னால் வில்லிஸ்காரர்கள் அதே பிளாக்கின் அளவை மாற்றாமல், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகளை மட்டும் ஹெட்டுக்கு ஏற்றினார்கள். புகை வெளியேறும் வால்வுகள் பழைய இடத்திலேயே இருந்தன. இதுதான் 'ஹரிக்கேன்'. சக்தி 70 குதிரைத்திறனைத் தாண்டியது. ஆனால் எஞ்சின் வளர்ந்துவிட்டது, பானட் மூடவில்லை. பாடியை அப்படியே வைத்துக்கொண்டு கிரில்லையும் பானட்டையும் மட்டும் உயர்த்தி, 1953-ல் அமெரிக்காவின் டொலிடோ தொழிற்சாலையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அங்கே 1968-ல் நின்றுபோன அந்த முகம், மகிந்திராவின் கையில் அதற்குப் பிறகும் பல்லாண்டு வாழ்ந்தது.

என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்தது இதற்கு அடுத்த கட்டம். ஒரு பெட்ரோல் எஞ்சினுக்காக டொலிடோவில் உயர்த்திய அந்த இடத்தில், நம் ஊரில் டிராக்டர் எஞ்சின் வந்து உட்கார்ந்தது. 1963-ல் மகிந்திரா, வோல்டாஸ், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் மூன்றும் சேர்ந்து இந்தியாவில் டிராக்டர் கம்பெனி தொடங்கின. அதில் வந்தது பி-275. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத் தொழிற்சாலையில் பிறந்த மாடல். அதன் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினின் வழியில்தான் மகிந்திராவின் டீசல் ஜீப்புகள் வந்தன. உயரமான, கனமான எஞ்சின். தாழ்ந்த பானட்டுக்குக் கீழே அதை நினைத்தும் பார்க்க முடியாது.

கள்ளக்குறிச்சிக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். இது கரும்பு ஊர். மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயப்பாளையத்தில் இன்னொன்று. டிராக்டர் இருக்கும் ஊரில் டிராக்டர் மெக்கானிக் இருப்பார், லேத் இருக்கும், பம்பும் நாசிலும் சர்வீஸ் செய்யும் கடை இருக்கும். ஹரிக்கேன் எஞ்சினுக்கு ஒரு வால்வு வேண்டுமென்றால் ஊர் ஊராகத் தேட வேண்டும்.

நம் ஜீப்பிலும் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, பல வருடங்களுக்கு முன்பே டீசல் ஏற்றியிருக்கிறார்கள். அன்றைக்கே அதை ஆர்.சி.யிலும் பதிந்திருக்கிறார்கள். பட்டறை மேஸ்திரிக்கு ஆசை, பழைய ஹரிக்கேனைத் தேடிப் பிடித்து, வண்டியைப் பிறந்த கோலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. வண்டி ஓனர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: வண்டி கண்காட்சிக்கு இல்லை, கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு.

நான் ஓனர் பக்கம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். எஞ்சினிலோ சேஸிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். மலையில் மரவள்ளி மூட்டை ஏற்ற முடியாது; அங்கே ஜீப்புக்கு இன்னும் அந்த வேலைதான். மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து கல்வராயன் மலை விடுபட்டதே 1976-ல்தான். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தபோது, பேச்சு ரோட்டு வசதிக்கும் வந்தது. இந்த மலையில் ஜீப் காட்சிப் பொருளாக நிற்க இன்னும் காலம் வரவில்லை.

டீசலை வைத்துக்கொள்வதற்கும் விலை உண்டு. முன்பக்கம் கனம் கூடுவதால் ஸ்பிரிங் பட்டைகள் படுத்துவிடும். கூடுதல் லீஃப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதிர்வு அதிகம், எஞ்சின் மவுன்ட்டுக்குப் பக்கத்தில் சேஸ் விரிசல் விட்டிருந்தது அதனால்தான். அங்கே வைத்த தகட்டை நீளமாக வைக்கச் சொன்னது மேஸ்திரியின் யோசனை, நல்ல யோசனை.

கியர் பக்கம் கவலையே இல்லை. 3பி-யின் மூல அமைப்பில் ஃபர்ஸ்ட் கியர் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46, ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் எஞ்சின் ஓடினால் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் ஏறும். குறைந்த சுற்றிலேயே இழுவை கொடுக்கும் டிராக்டர் வம்சத்து எஞ்சினுக்கு இதைவிட நல்ல ஜோடி அமையாது. மலைமேல் கரியாலூரைத் தாண்டி உள்ளே போகும் மண் ரோட்டில் மழைக்காலத்தில் வேண்டியது வேகம் அல்ல, இந்த 37தான். இறக்கத்திலும் அதே கியரில் விட்டால் பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டே வர வேண்டியதில்லை.

பெயின்ட் அடுத்த வாரம், கட்டாயம். பின்பக்க சீட்டை மடித்து மூட்டை ஏற்ற இடம் பண்ணும் வேலையையும் அதோடு சேர்த்துச் சொல்கிறேன். அதற்குள், பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஆர்.சி.யை எடுத்து, எரிபொருள் என்ற இடத்தில் எழுதியிருப்பதும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதில் கண்டிப்பானது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால், பட்டறைக்குப் பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள்.

(தொடரும்)