*401* போட்டு டயல் பண்ணச் சொல்றாங்களா? உஷார்! போன் கோடுகளைப் படிக்க ஒரு சிம்பிள் ரூல்

"மேடம், உங்க பார்சல் வந்திருக்கு. டெலிவரி பாய் வழி தெரியாம நிக்கிறார். அவர் நம்பர் சொல்றேன், முன்னாடி ஸ்டார் 401 ஸ்டார் போட்டு டயல் பண்ணுங்க."

இப்படி ஒரு கால் வந்தால் நம்மில் பலர் யோசிக்க மாட்டோம். ஓ.டி.பி கேட்கவில்லை, லிங்க் அனுப்பவில்லை, பணமும் கேட்கவில்லை. ஒரு நம்பரை டயல் பண்ணச் சொல்றாங்க, அவ்வளவுதானே?

அங்கேதான் சிக்கல். அது போன் கால் அல்ல. உங்கள் நெட்வொர்க்குக்கு நீங்கள் போடும் உத்தரவு. 'இனி எனக்கு வரும் எல்லா கால்களையும் இந்த நம்பருக்குத் திருப்பிவிடு' என்பதுதான் அதன் அர்த்தம்.

கால் போனால் என்ன போகும்?

கால் ஃபார்வர்டிங்கில் எஸ்.எம்.எஸ் திரும்பிப் போகாது. அப்புறம் என்ன பயம் என்கிறீர்களா? வாட்ஸ்அப் போன்ற ஆப்களில், எஸ்.எம்.எஸ்-க்குப் பதிலாக கால் மூலமும் வெரிஃபிகேஷன் கோடு வாங்கலாம். மோசடி ஆசாமி உங்கள் நம்பரைப் போட்டு, அந்த ஆப்ஷனை அழுத்துவார். கால் நேராக அவருக்கே போகும். அடுத்த நிமிடம் உங்கள் அக்கவுன்ட் அவர் கையில்.

'அவசரமா ஒரு 5,000 ரூபாய் வேணும்' என்று உங்கள் நண்பர்களுக்கு மெசேஜ் பறக்கும். சந்தேகப்பட்டு அவர்கள் உங்களுக்கு போன் செய்தால், அந்த காலும் அவருக்குத்தான் போகும். உங்கள் போன் மட்டும் அமைதியாக இருக்கும்.

இதனால்தான் *401# போன்ற யு.எஸ்.எஸ்.டி கோடு வழியான கால் ஃபார்வர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனால், இதே வேலையைச் செய்ய *21* போன்ற வேறு கோடுகளும் இருக்கின்றன. எனவே, ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்வதைவிட, இவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

மூணே மூணு குறி!

செல்போன் நெட்வொர்க்குகளின் பொதுவான கோடுகளுக்கு ஒரு சின்ன இலக்கணம் உண்டு.

ஸ்டாரில் (*) ஆரம்பித்தால்: 'ஆன் பண்ணு'.
ஹேஷில் (#) ஆரம்பித்தால்: 'ஆஃப் பண்ணு'.
ஸ்டார் ஹேஷ் (*#) என்றால்: 'இப்போ என்ன நிலைமைன்னு காட்டு'.

நடுவில் வரும் எண்தான் எந்தச் சேவை என்பதைச் சொல்லும். 21 என்றால் எல்லா கால்களும் திரும்பும். 67 என்றால் நீங்கள் பிஸியாக இருக்கும்போது மட்டும், 61 என்றால் நீங்கள் எடுக்காதபோது, 62 என்றால் போன் சுவிட்ச் ஆஃப் ஆகியோ, சிக்னல் இல்லாமலோ இருக்கும்போது.

இப்போ நீங்களே படிக்கலாம். *21* போட்டு ஒரு நம்பர் என்றால், 'எல்லா கால்களையும் அங்கே அனுப்பு'. *#21# என்றால், 'என் கால்கள் எங்கேயாவது போகுதான்னு காட்டு'. ##002# என்றால், 'எல்லா ஃபார்வர்டிங்கையும் மொத்தமா நீக்கு'. போனின் ஐ.எம்.இ.ஐ எண்ணைப் பார்க்க *#06# போடுவோமே, அதுவும் 'காட்டு' வகைதான்.

வரும் கால்களிலும் கவனம்!

போன் அடிக்கும்போது முதலில் வரும் எண்களைப் பாருங்கள். 140 என்று ஆரம்பித்தால் விளம்பர கால். வங்கி, காப்பீடு, அரசுத் துறைகளின் சேவை அழைப்புகளுக்காக ஒதுக்கப்பட்டது 1600. ஆக, 'பேங்க்ல இருந்து பேசுறோம்' என்று சாதாரண 10 இலக்க மொபைல் நம்பரில் யாராவது அழைத்தால், கட் பண்ணிட்டு, ஏ.டி.எம் கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்கு நீங்களே பேசுங்கள்.

ப்ளஸுக்குப் பிறகு வருவது நாட்டின் எண். இந்தியாவுக்கு +91. அறிமுகமே இல்லாத +84 (வியட்நாம்), +254 (கென்யா) எண்களில் இருந்து மிஸ்டு கால் வந்தால் திருப்பி அழைக்காதீர்கள். ஐ.எஸ்.டி கட்டணம் உங்கள் தலையில்தான் விழும்.

ஏற்கெனவே டயல் பண்ணிட்டீங்களா?

பதற வேண்டாம். உடனே ##002# போடுங்கள். வாட்ஸ்அப்பில் மறுபடி லாகின் செய்து, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்யுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள். பணம் போகவில்லை, கால் மட்டும் வந்தது என்றால், 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்‌ஷு' பகுதியில் புகார் செய்யலாம்.

உங்களுக்கு இது புரிந்துவிட்டது. ஆனால், பார்சல் கால் அம்மாவுக்கும் வரும், அப்பாவுக்கும் வரும். இன்னிக்கு ராத்திரி அவங்க போனை வாங்கி, *#21# போட்டுப் பாருங்க. தெரியாத நம்பர் ஏதாவது வந்தால், அடுத்து என்ன போடணும்னு உங்களுக்கே தெரியுமே!