கொடுத்ததோடு கடமை முடிந்ததா? தர்மப் பணத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



ரமளான் பிறை தென்பட்டதும் நம் கைபேசிகள் நிறைந்துவிடுகின்றன. ஒரு குழந்தையின் முகம், கீழே ஒரு கியூஆர் குறியீடு, "உடனே பகிருங்கள்" என்றொரு வரி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம் என்று நம் புதுக்கோட்டைக் கடற்கரை ஊர்களில் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியாவில் உழைக்கும் பிள்ளைகளைக் கொண்ட வீடுகள் ஏராளம். அவர்கள் வியர்வை சிந்தி அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு ஜகாத்தாகவும் சதகாவாகவும் வெளியே போகிறது. படத்தைப் பார்த்து மனம் இளகுகிறது, பணத்தை அனுப்பிவிடுகிறோம். அதன் பிறகு அந்தப் பணம் என்ன ஆனது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கேட்பது சந்தேக புத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். அது அமானிதத்தைப் பேணுவதன் ஒரு பகுதி என்பதே நாம் இங்கே சொல்ல வருவது. கேட்டால் பதில் கிடைக்கும் இடங்களும் இன்று நம் கைபேசியிலேயே இருக்கின்றன.

கஜா கற்றுத் தந்த பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், நம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

எங்கள் ஜமாஅத்தில் இரண்டே நாளில் ஒரு வேன் நிறையத் துணிமணியும் ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்தன. நாங்கள் போய் இறக்கியது பிரதான சாலையை ஒட்டிய ஓர் ஊர். எங்களுக்கு முன்பே அங்கே மூன்று வண்டிகள் வந்து போயிருந்தன. அங்கிருந்த பெரியவர் ஒருவர், "துணி போதும் பாய், தார்ப்பாய் இருந்தா கொடுங்க. உள்ள நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு குடியிருப்பு இருக்கு, அங்க இன்னும் யாரும் போகல" என்றார். எங்களிடம் ஒரு தார்ப்பாய்கூட இல்லை. மனம் நிறைய இரக்கம் இருந்தது, எங்கே என்ன தேவை என்ற தகவல்தான் இல்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலைகளில் யாரும் எடுக்காத பழைய துணி மலையாகக் குவிந்தது. சில ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் கரைக்கு வந்து சேர்ந்தன. சிநேகா, சிஃப்ஸ் ஆகிய அமைப்புகள் முன்னின்று நாகையில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்வதே அதன் முக்கிய வேலை. அந்தப் பட்டியல் பல வண்டிப் பொருள்களைவிடப் பெரிய உதவியாக இருந்தது.

பின்னர் பல நாட்டு உதவி அமைப்புகள் சேர்ந்து நடத்திய சுனாமி மதிப்பாய்வு 2006-ல் வெளியானது. அதில் ஒரு கணக்கு நெஞ்சைத் தொடும். சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்குச் சுமார் 7,100 டாலர் நிதி இருந்தது. அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செலவானது தலைக்கு 3 டாலர். தொலைக்காட்சியில் தெரிந்த துயரத்துக்குப் பணம் ஓடியது. தெரியாத துயரம் காத்துக் கிடந்தது. இன்று வாட்ஸ்அப்பிலும் இதுவே நடக்கிறது.

மார்க்கம் காட்டும் வழி

ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்பதை நம் விருப்பத்துக்கு விடாமல், அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்தில் அல்லாஹ் எட்டு வகையினரை வரையறுத்திருக்கிறான். ஆக, போய்ச் சேரும் இடமும் கடமையின் ஒரு பகுதிதான். ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. உதவி கேட்டு வரும் செய்திக்கும் இது பொருந்தும்.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் இப்னுல் லுத்பிய்யாவின் சம்பவம் நாம் அறிந்ததே. ஜகாத் வசூலித்து வந்த அவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டினார். பெற்றோர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள், பிறகு மிம்பரில் ஏறி மக்கள் முன்னிலையிலேயே அதைக் கண்டித்தார்கள். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது சுன்னத்துக்கு அந்நியமானதல்ல.

முதல் கேள்வி: இவர்கள் யார்?

தமிழ்நாட்டில் ஒரு சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படியோ, அறக்கட்டளைப் பத்திரத்தின் மூலமோ பதிவாகியிருக்கலாம். பதிவு எண்ணைக் கேட்பது தவறில்லை. நிதி ஆயோக் நடத்தும் 'என்ஜிஓ தர்ப்பண்' தளத்தில் அமைப்பின் பெயரைத் தேடினால் பதிவு விவரமும் நிர்வாகிகளின் பெயரும் கிடைக்கலாம். இந்த விவரங்களைத் தருவது அந்த அமைப்புகளே. ஆகவே அதை நேர்மைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது, விசாரணையின் முதல் படியாக மட்டும் கொள்ள வேண்டும்.

80ஜி வரிச் சலுகை இல்லை என்பதற்காக மட்டும் ஓர் அமைப்பைப் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. குறிப்பிட்ட ஒரு மதத்தினருக்காக மட்டும் இயங்கும் அறக்கட்டளைக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. நம் ஊர் பைத்துல்மால்கள் பலவற்றின் நிலை இதுதான்.

இரண்டாம் கேள்வி: பணத்தை என்ன செய்தார்கள்?

வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் எஃப்சிஆர்ஏ சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றின் ஆண்டுக் கணக்குகளை முன்பு உள்துறை அமைச்சகத்தின் தளத்திலேயே யாரும் பார்க்க முடிந்தது. 2022 ஜூலையில் அந்தத் தகவல்களில் பல நீக்கப்பட்டன. ஆனாலும் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், தணிக்கை செய்த கணக்கைத் தன் இணையதளத்திலோ அரசு குறிப்பிடும் தளத்திலோ வெளியிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. எனவே அமைப்பின் தளத்துக்கே சென்று ஆண்டறிக்கையைத் தேடுங்கள். நிகழ்ச்சிப் படங்கள் நூறு இருந்து, வரவு செலவு ஒரு பக்கம்கூட இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

ஃபலஸ்தீன், ரோஹிங்கியா அகதிகள் போன்ற உலகளாவிய தேவைகளுக்கு, ஐநாவின் மனிதாபிமான உதவி அலுவலகம் நடத்தும் 'ரிலீஃப்வெப்' தளம் களத்திலிருந்து வரும் அறிக்கைகளைத் தருகிறது. அதே அலுவலகத்தின் நிதிக் கண்காணிப்புத் தளத்தில் எந்த நெருக்கடிக்கு எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு வந்தது என்று பார்க்கலாம். யார் பார்வையிலும் படாத துயரம் எது என்பதை அங்கே அறியலாம். 'ஐஏடிஐ' என்ற சர்வதேச உதவி வெளிப்படைத்தன்மை முயற்சியில், உதவி அமைப்புகள் தங்கள் திட்டங்களை ஒவ்வொன்றாகப் பதிவிடுகின்றன. அகதிகளுக்கான ஐநா ஆணையம் தன் ஜகாத் நிதிக்குத் தனியாகவே அறிக்கை வெளியிடுகிறது. இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் கல்லூரியில் படிக்கும் மகனிடமோ மகளிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது ஒரு தர்பியத்.

மூன்றாம் கேள்வி: அதனால் நன்மை விளைந்ததா?

பணம் நேர்மையாகச் செலவானாலும் பயன் விளையாமல் போகலாம். எங்கள் ஜமாஅத்தில் ஆண்டுதோறும் கைம்பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்து வந்தோம். மூன்றாண்டு கழித்து வீடு வீடாகப் போய் விசாரித்தபோது பாதிக்கும் மேல் மூலையில் கிடந்தன. "தைக்கத் தெரியும் ஹஜ்ரத், தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை" என்றார் ஒரு சகோதரி. அதை நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான சான்றும் நம் மாவட்டத்திலேயே உண்டு. 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் கற்பதையும் சேர்த்தார். பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். அவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். தண்ணீர் எடுக்க, விளைபொருள் விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட இன்னொருவரை எதிர்பார்த்து நிற்கும் நிலை மாறியது.

அரசு சைக்கிள் கொடுத்தால் பெண் கல்வி உயருமா என்று பிகாரில் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பின்னாளில் ஆய்வு செய்தார்கள். உயர்நிலை வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் பயன் அதிகம். தடை எதுவோ அதை நீக்கும் உதவியே பலன் தருகிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளின் சுருக்கங்கள் 'ஜே-பால்' என்ற ஆய்வு மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு திட்டம் தொடங்கும் முன் ஜமாஅத் நிர்வாகிகள் அதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும்போது

இதில் பலர் அறியாமல் சிக்கிக்கொள்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்துத் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஊர் ஜமாஅத்துக்கு அனுப்பினால், சட்டப்படி அது வெளிநாட்டு நிதி ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர் நம் சொந்த ஊர்க்காரரே ஆனாலும், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நிதிதான். எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாத பள்ளிவாசல், மதரஸா, அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. உறவினருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்புவது வேறு. அது ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பெற்றவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நன்கொடை வாங்கும் முன் அனுப்புபவரின் குடியுரிமையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்மிடமிருந்தே தொடங்குவோம்

பிறரிடம் கேட்கும் கேள்வியை நம் பைத்துல்மாலிடமும் கேட்க வேண்டும். வரவு, செலவு, எத்தனை குடும்பங்களுக்கு என்ன வகை உதவி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பெற்றவர்களின் பெயரோ படமோ அதில் வேண்டாம். சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264-ஆம் வசனம் எச்சரிக்கிறது. கணக்கு வெளியே தெரியட்டும், ஏழையின் மானம் மறைந்திருக்கட்டும்.

இந்த விசாரணையைக் காரணம் காட்டிக் கொடுக்காமல் இருந்துவிடவும் கூடாது. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிய எந்த இணையதளமும் தேவையில்லை. முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பும் முன் மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கி இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுவோம். இன்ஷா அல்லாஹ், நாம் கொடுப்பது உரியவரைச் சென்றடையும்.

நம் தர்மங்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.